செயின் நிஜமாகவே நீள்கிறதா?

"மாசத்துக்கு ஒரு தடவை பைக் செயின் தொங்கிப்போகுது. இரும்பு எப்படி நீளும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரும்பு நீளவில்லை, மூட்டு தேய்கிறது.

ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி புஷ் என்ற சிறு குழாய், புஷ்ஷின் மேல் உருளும் ரோலர். 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இது. ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரத்தின் பல்லில் ரோலர் உருண்டு உட்கார்வதால் அங்கே உராய்வு குறைவு. ஆனால் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் கண்ணி மடங்கியே ஆக வேண்டும். அப்போது மொத்த இழுவையையும் தாங்கிக்கொண்டு பின் புஷ்ஷுக்குள் அரைபடுகிறது. மூட்டுக்கு 0.1 மி.மீ. தேய்ந்தாலே 120 கண்ணிக்கு 12 மி.மீ. சேர்ந்துவிடும். தேய்ந்த பின்னைக் கழற்றிப் பாருங்கள்: இழுவை விழும் ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுந்து பளபளக்கும். மூட்டோரம் செங்கல் நிறத்தில் தூள் கசிந்தால் உள்ளே எண்ணெய் வற்றிவிட்டது என்று அர்த்தம்.

ஆகவே எண்ணெய் போகவேண்டிய இடம் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில். 500 கி.மீ.க்கு ஒருமுறை எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது செய்தால் விரல் போகும். மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, கீழ்வரிசையின் உட்பக்கத்தில் தகடுகளின் இடுக்கில் 90 கியர் ஆயில் விடுங்கள். செயின் சுழலும் வேகமே அதை வெளிப்பக்கமாக மூட்டுக்குள் தள்ளும். வழிந்ததைத் துடைக்காவிட்டால் புழுதி ஒட்டி உப்புத்தாளாகிவிடும். ஓ-ரிங் செயினில் கிரீஸை மூட்டுக்குள்ளேயே வைத்து ரப்பர் வளையத்தால் அடைத்து வருகிறது. பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் அந்த ரப்பரைக் கெடுக்கும். எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலைச் செயினுக்கு ஊற்றும் வழக்கத்தை நம் ஊரில் அடியோடு விட வேண்டும். அதில் கரியும் உலோகத்துகளும் கலந்திருக்கின்றன.

டைட் வைக்கும்போது அளவு முக்கியம். தேய்மானம் எல்லாக் கண்ணியிலும் ஒரே மாதிரி இருக்காது. சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் பாருங்கள். கீழ்வரிசை நடுவில் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் பல சிறிய பைக்குகளுக்குச் சரி. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. ஆள் உட்கார்ந்து ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது பின்சக்கர ஆக்சில் முன் ஸ்ப்ராக்கெட்டை விட்டு இன்னும் விலகும். ஆட்டமே இல்லாத செயின் அப்போது கியர்பாக்ஸ் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே கோட்டுக்குத் திருகி, நட்டை முறுக்குங்கள். டிரம் பிரேக் என்றால் சக்கரம் பின்னே போன அளவுக்கு பிரேக் ராடு இழுபட்டு பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும். பெடல் ஆட்டத்தையும் சரிசெய்யுங்கள்.

மாற்றும் நேரத்தை ஸ்கேல் சொல்லும். 428 என்ற அளவுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவரை 12.7 மி.மீ. செயினை இழுத்துப் பிடித்து, முதல் பின்னின் நடுவிலிருந்து 21-வது பின்னின் நடுவரை அளந்தால் புதிதில் 254 மி.மீ.; 259 தொட்டால் மாற்றுங்கள். ஸ்ப்ராக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், கொக்கிபோல் வளைந்த பழைய பல் புதுச் செயினையும் சீக்கிரமே தின்றுவிடும்.