பிராட்வேல ஹோட்டல் போடுங்கன்னு கேக்கறவங்களுக்கு

அமெரிக்கா டிரிப் பிளான் பண்ணிக் குடுக்கறது என் தொழில். நியூயார்க் போற ஃபேமிலிங்க நிறைய பேர் கேக்கறது, "பிராட்வேல ஒரு ஷோ பாக்கணும், ஹோட்டலும் பிராட்வேலயே போட்ருங்க". இதுலதான் சிக்கலே. ஒருத்தர் தானே ஆன்லைன்ல ரூம் போட்டுட்டு வந்து காட்டினாரு, அட்ரஸ்ல பிராட்வேன்னு தெளிவா இருக்கு, மேப்ல பாத்தா நியூயார்க்ல மன்ஹாட்டன் தீவோட தெக்குக் கோடி, பௌலிங் கிரீன் பக்கம், அவர் டிக்கெட் எடுத்த நாடகத் தியேட்டரோ 44வது தெருவுல, நடுவுல ஆறு கிலோமீட்டர் இருக்கும், கூட வயசான அம்மா வேற. நல்லவேளை கேன்சல் பண்ண டைம் இருந்துச்சு.

பிராட்வேங்கறது முதல்ல ஒரு ரோடு, அவ்ளோதான். டச்சுக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே லெனாப்பேங்கற பூர்வகுடி மக்கள் நடந்த பாதை, அதனாலதான் கட்டம் கட்டமா போட்ட தெருக்களுக்கு நடுவுல இது மட்டும் கோணலா வெட்டிக்கிட்டுப் போகும். மன்ஹாட்டனுக்குள்ள மட்டுமே சுமார் 21 கிலோமீட்டர். புரூக்ளின்லயும் குவீன்ஸ்லயும் இதே பேர்ல வேற ரோடுங்க இருக்கு.

நாடகக்காரங்க சொல்ற பிராட்வே வேற. 500 சீட்டும் அதுக்கு மேலயும் உள்ள 41 தியேட்டர், அநேகமா எல்லாமே 41லருந்து 54வது தெரு வரைக்கும் குறுக்குத் தெருக்கள்ல. அந்த ரோட்டு மேலயே இருக்கறது வின்டர் கார்டன் மாதிரி ரொம்பக் கொஞ்சம். 100லருந்து 499 சீட்டுன்னா ஆஃப்-பிராட்வே. லிங்கன் சென்டர்ங்கற கலை வளாகத்துல ஒரே கட்டிடம், மேல இருக்கற விவியன் பூமான்ட் தியேட்டர் பிராட்வே, கீழ இருக்கற 299 சீட்டு மிட்ஸி நியூஹவுஸ் தியேட்டர் ஆஃப்-பிராட்வே! நாடகத்துக்கான பெரிய விருதான டோனி அவார்டு மேல இருக்கறதுல நடக்கற ஷோவுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

ஆஃப்னு பாத்ததும் மட்டமான ஷோன்னு ஒதுக்கிடாதீங்க, எனக்கு இது ரொம்ப வருத்தம். பேர்போன மியூசிக்கல் ஹாமில்டனே 2015 ஆரம்பத்துல ஆஃப்-பிராட்வேயான பப்ளிக் தியேட்டர்ல ஓடிட்டு அதே வருஷம்தான் பிராட்வேக்குப் போச்சு.

இந்த தியேட்டர் ஏரியாவுக்கு 'கிரேட் ஒயிட் வே'ன்னு ஒரு பட்டப்பேரும் இருக்கு, ராத்திரியில எரிஞ்ச எலக்ட்ரிக் விளக்குங்களால வந்தது. பெரிய கலைஞர் யாராவது இறந்தா தியேட்டர் வாசல் விளக்கை ஒரு நிமிஷம் அணைக்கறாங்க, அந்த ஊருக்கு அதுதான் மரியாதை.

ரூம் போடும்போது பிராட்வேங்கற பேரை விட்டுட்டு குறுக்குத் தெரு நம்பரைப் பாருங்க, 40லருந்து 55க்குள்ள இருந்தா நடந்தே போயிடலாம். டிக்கெட்டை ரோட்டுல நிக்கறவங்ககிட்ட வாங்கவே வாங்காதீங்க, அன்னன்னிக்கு ஷோவுக்கு தள்ளுபடி வேணும்னா டைம்ஸ் ஸ்கொயர் சிவப்புப் படிக்கட்டுக்கு அடியில டிகேடிஎஸ் கவுன்டர் இருக்கு.