நாரிப்பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள்

பின்னேரம் ஐந்தரை மணி இருக்கும். கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கே அந்தப் பையன் சுவரைப் பிடித்துக்கொண்டான். பதினைந்து வயது. வயதை மீறிய உயரம், அகலமான தோள். வேகப் பந்துவீச்சாளன் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

"நாரிப்பிடிப்புத்தான் சேர். எண்ணெய் போட்டு உருவினோம், போகுதில்ல. சனிக்கிழமை மேட்ச் இருக்கு. என்னவும் கட்டி விட்டா விளையாடலாமா?" என்று கேட்டார் அப்பா.

"எத்தனை நாளா மனே நோகுது?"

"ஒரு மாசம் இருக்கும் சேர்."

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். அவருக்குத் தெரிந்தது ஒரு கிழமைக் கணக்குத்தான்.

குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்பை ஒட்டி இடது பக்கமாகப் பெருவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே கீழே வந்தேன். நாரியின், அதாவது கீழ்முதுகின், அடிப்பகுதிக்கு வந்ததும், கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்துப்போயின. சத்தம் வரவில்லை. வலது பக்கம் அதே மட்டத்தில் அழுத்தினேன், ஒன்றும் இல்லை. எழுப்பி, இடது காலில் மட்டும் நிற்கச் சொல்லி, பின்னால் சாயச் சொன்னேன். பாதி சாயவில்லை, "அதான் சேர், அந்த இடம்தான்" என்றான். அவன் வலக்கைப் பந்துவீச்சாளன்.

அவனை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் இதே கதையோடு மட்டக்களப்பிலிருந்தும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தும் ஒவ்வொரு வருடமும் பையன்கள் வருகிறார்கள். தை, மாசி மாதங்களில் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறார்கள். பெற்றோரும் பயிற்றுநர்களும் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வளரும் வயதில் வேகமாகப் பந்து வீசும் பிள்ளைக்கு நாரியில் ஒரு பக்கமாக நோகிறது என்றால், முதலில் எலும்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். எலும்பில் ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகு தசைப்பிடிப்பைப் பற்றிப் பேசலாம்.

ஏன் எலும்பு? வேகமாக ஓடிவந்து முன்காலை ஊன்றும் அந்தக் கணத்தில், உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான விசை தரையிலிருந்து காலில் ஏறுகிறது. அதே நேரத்தில் நாரி பின்னால் வளைகிறது, பக்கவாட்டில் சரிகிறது, சுழலவும் செய்கிறது. மூன்றும் சேர்ந்து போய் முட்டுவது, முள்ளந்தண்டு எலும்பின் பின்பக்க வளையத்தில் இருக்கும் ஒடுக்கமான ஒரு துண்டில். வலக்கைக்காரனுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம், இடக்கைக்காரனுக்கு வலப்பக்கம். நாரியின் கடைசி இரண்டு எலும்புகளில்தான் இது அதிகம். ஒரே பந்தில் முறிவதில்லை. ஒவ்வொரு பந்துக்கும் எலும்பு கொஞ்சம் களைக்கிறது, ஓய்வில் தன்னைத் திருத்திக்கொள்கிறது. திருத்துவதற்கு நேரம் கொடுக்காவிட்டால் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழுகிறது. நாரி எலும்பு முழுப் பலத்துக்கு வர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகிறது. பையன் ஆறடி வளர்ந்துவிட்டான் என்பதற்காக அவன் எலும்பும் வளர்ந்து முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இதைச் சொல்லும்போது பெரும்பாலும் ஒரு பதில் வரும். "அந்தக் காலத்தில நாங்க இதெல்லாம் பார்த்தமா சேர்?"

அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பின்னால் உண்மையான பாசம் இருக்கிறது. மட்டக்களப்பு வெபர் மைதானத்திலோ கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திலோ ஒரு பின்னேரம் பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். எந்த வருடம், எந்த முனையிலிருந்து, யாருடைய நடு விக்கெட்டை யார் பறக்கவிட்டார் என்று நேற்று நடந்ததைப் போலச் சொல்வார்கள். எனக்கும் அப்படி ஒரு நினைவு இருக்கிறது. 2007 மார்ச் 28. யுத்தத்தால், மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்து எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் தங்கியிருந்த நாட்கள். கயானாவில் இலங்கைக்கும் தென்னாபிரிக்காவுக்கும் உலகக் கிண்ணப் போட்டி. இங்கே நடுச்சாமம் தாண்டிவிட்டது. ரேடியோவைக் காதோடு வைத்திருந்தோம். தென்னாபிரிக்காவுக்கு இன்னும் நாலே ஓட்டம், கையில் ஐந்து விக்கெட். எல்லாம் முடிந்தது என்று படுக்கப் போன நேரத்தில் லசித் மாலிங்க நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் எடுத்தார். சத்தம் போட முடியாத இரவு அது. ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். ஒரு விக்கெட்டால் தோற்றோம், ஆனாலும் அந்த நான்கு பந்துகள் என்னை விட்டுப் போகவில்லை.

அதே மாலிங்க 2011இல், 27 வயதில், முழங்கால் தாங்காமல் டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து விலகினார். 30 டெஸ்ட், 101 விக்கெட். இது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? நினைவு விக்கெட்டைப் பிடித்துக்கொள்கிறது, அடுத்த நாள் காலையில் அந்த மனிதன் படுக்கையிலிருந்து எப்படி எழும்பினான் என்பதை விட்டுவிடுகிறது. "நோவோட போட்டான்" என்பது நம்மிடம் பெரிய பாராட்டு. பதினைந்து வயதுப் பையன் அதைக் கேட்டுத்தான் வளர்கிறான். பிறகு ஒரு மாதம் நாரி நோவை அப்பாவிடம் கூடச் சொல்லாமல் மறைக்கிறான்.

தொழில்முறைப் பந்துவீச்சு எவ்வளவு கடுமையானது என்பதற்கு வேறு பெயர்களும் உண்டு. அவுஸ்திரேலியாவின் டெனிஸ் லில்லி 1973இல் மேற்கிந்தியத் தீவுகளில் விளையாடும்போது முதுகெலும்பில் இதே வெடிப்பு. உடலைச் சுற்றிக் கட்டுப் போட்டுக் கிடந்தார், மாதக்கணக்கில் உடலைத் திரும்பக் கட்டியெழுப்பினார், 1974 கடைசியில்தான் டெஸ்டுக்குத் திரும்பினார். நிறுத்தியதால் அவருடைய விளையாட்டு முடிந்துபோகவில்லை. மொத்தம் 355 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வு பெற்றார். நம்முடைய சமிந்த வாஸும் அதே 355. பட் கமின்ஸ் 2011இல் 18 வயதில் ஜொஹானஸ்பேர்க்கில் முதல் டெஸ்ட் ஆடி ஆட்டநாயகன் ஆனார். அடுத்த டெஸ்ட் 2017இல். இடையில் முதுகு திரும்பத் திரும்ப வெடித்தது. ஜஸ்பிரித் பும்ரா 2022 ரி20 உலகக் கிண்ணத்தைத் தவறவிட்டார், 2023 மார்ச்சில் முதுகில் சத்திரசிகிச்சை, ஓகஸ்டில் திரும்பினார். இவர்களைச் சுற்றி வைத்தியர், ஸ்கேன், பயிற்றுநர், சம்பளம் எல்லாம் இருந்தன. நம் பையனுக்கு இருப்பது அவன் அம்மாவும் ஒரு போத்தல் எண்ணெயும்தான்.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே இந்தப் பிரச்சினைக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது என்பது என் அனுபவம், அது மாரி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் மைதானங்களில் தண்ணீர் நிற்கும். மார்கழி முடியும் வரை பல பையன்கள் பந்தைத் தொடுவதே இல்லை. தை பிறந்து தரை காய்ந்ததும் பாடசாலை மேட்ச், கழக மேட்ச், ஞாயிற்றுக்கிழமை மென்பந்துச் சுற்றுப்போட்டி எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கும். அன்றைக்கு வந்த பையனை உட்காரவைத்து அவனுடைய ஒரு கிழமையைத் தாளில் எழுதினேன். மூன்று நாள் வலைப்பயிற்சி, நாளொன்றுக்கு அறுபது எழுபது பந்து. சனிக்கிழமை 14 ஓவர். ஞாயிறு மென்பந்தில் மூன்று மேட்ச், ஒவ்வொன்றிலும் இரண்டு ஓவர். முந்நூறு பந்துக்கு மேல். "மார்கழியில எத்தனை?" என்று கேட்டேன். "ஒண்டும் இல்ல சேர்" என்றான். அப்பா அந்தத் தாளை வாங்கி இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். அவர் கடைக் கணக்கு எழுதுகிறவர்.

பூச்சியத்திலிருந்து முந்நூறுக்குப் பாய்வதுதான் எலும்பை உடைக்கிறது. நோவும் அதே கிழமையில் வராது. மூன்று நான்கு கிழமை கழித்து வரும், அதனால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. பாடசாலைப் பயிற்றுநருக்குக் கழகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது, கழகத் தலைவருக்கு மென்பந்துக் கணக்குத் தெரியாது. மென்பந்து பாரமில்லாததுதானே என்பார்கள். கையில் பாரம் குறைவுதான், ஆனால் ஓட்டமும் முன்கால் ஊன்றலும் நாரி வளைவும் அதேதான். சீமெந்துத் தளத்தில் தேய்ந்த சப்பாத்தோடு போட்டால் இன்னும் மோசம்.

இங்கிலாந்து கிரிக்கெட் சபை இளம் வேகப் பந்துவீச்சாளர்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நான் பயிற்றுநர்களிடம் அதையே சொல்கிறேன். 13 வயது வரை தொடர்ச்சியாக 5 ஓவர், ஒரு நாளில் 10. 14, 15 வயதில் 6 ஓவர், நாளில் 12. 16, 17 வயதில் 7 ஓவர், நாளில் 18. எந்த ஏழு நாளிலும் நான்கு நாளுக்கு மேல் பந்து வீசக் கூடாது, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேலும் கூடாது. மாரி முடிந்த முதல் கிழமையிலேயே இந்த உச்சக் கணக்குக்குப் போய்விடாதீர்கள். நூறு பந்தில் தொடங்கி நான்கைந்து கிழமையில் மெல்ல ஏற்றுங்கள். மழைக்காலத்திலும் முற்றாக விடாமல், கிழமைக்கு இரண்டு நாளாவது விறாந்தையிலோ மண்டபத்திலோ கொஞ்சம் போட்டால் தையில் உடம்பு திடுக்கிடாது.

பந்துவீச்சு முறையையும் பார்க்க வேண்டும். இடுப்பு ஒரு திசையைப் பார்க்க, தோள் வேறு திசையில் இருக்க ஏறி, பிறகு தோளைச் சடாரென்று திருப்பிப் போடும் பையன்களுக்கு ஆபத்து கூட. இடுப்பும் தோளும் ஒரே திசையில் இருப்பது நல்லது. நேரிலிருந்தும் பின்னாலிருந்தும் கைபேசியில் வீடியோ எடுத்தாலே தெரியும்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் இதே நோவோடு ஒரு பையன் வந்தான். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. தசை என்று நினைத்து ஆறு கிழமை சூடு கொடுத்து, பயிற்சி கொடுத்து, பந்து போடவும் விட்டேன். பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்தபோது இரண்டு பக்கமும் முறிந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் புதிதாக வெடித்திருக்கையில் ஓய்வு கொடுத்தால் பொருந்திவிடும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. இரண்டு பக்கமும் முழுதாகப் போன பிறகு பல சமயம் பொருந்துவதில்லை. அவன் இப்போது வேலைக்குப் போகிறான், நன்றாக இருக்கிறான், ஆனால் திரும்ப வேகமாகப் பந்து போடவில்லை. அவனை வீதியில் காணும்போதெல்லாம் அந்த ஆறு கிழமை எனக்கு ஞாபகம் வரும்.

ஆகவே, எக்ஸ்ரே சுத்தம் என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். ஆரம்ப வெடிப்பு அதில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். அது கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருந்தால் காத்திருங்கள், ஆனால் அதுவரை பந்து போடுவதை நிறுத்துங்கள். நோ அடக்கும் பெனடோல் மாத்திரை போட்டு விளையாடவிடாதீர்கள். முறிவு நெரிவு பார்க்கும் நாட்டு வைத்தியரிடம் போகிறவர்களைத் தடுக்கும் எண்ணம் எனக்கில்லை, ஆனால் இந்த நாரியை முறுக்கி நெட்டி எடுக்கவோ மிதித்து உருவவோ விட வேண்டாம். கால் விறைத்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் இருந்தாலோ, காய்ச்சலோடு இரவில் நோ எழுப்பினாலோ அது வேறு விஷயம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெடிப்பு உறுதியானால் குறைந்தது மூன்று மாதம் பந்துவீச்சு இல்லை, பலருக்கு ஆறு மாதம் வரை போகும். பையனுக்கு இது கேட்கவே பெரிய துக்கம். அதனால் மைதானத்துக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. நோ அடங்கிய பிறகு வயிறு, முதுகு, தொடைத் தசைகளுக்குப் படிப்படியாகப் பயிற்சி. ஸ்கோர் எழுதலாம், நடுவரோடு நிற்கலாம். அணியை விட்டு விலக்கிவைத்த பையன்தான் நோவை மறைத்துக்கொண்டு சீக்கிரம் திரும்பி வருகிறான்.

போன வருடம் ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒருவர் முழங்காலுக்காக வந்தார். ஒரு காலத்தில் ஊரறிந்த வேகப் பந்துவீச்சாளர், ஒரே முனையிலிருந்து 17 ஓவர் தொடர்ந்து போட்டவர் என்று அவரைப் பற்றி இன்றும் சொல்வார்கள். நாரியைத் தொட்டபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அந்த 17 ஓவருக்கு மறுகா ரெண்டு மாசம் நிலத்திலதான் படுத்தன் சேர். அம்மா தவிட்டைச் சூடாக்கி ஒத்தணம் புடிச்சா. ஒருத்தரும் அதைக் கேக்கல்ல, நானும் சொல்லல்ல" என்றார்.

அவர் இப்போது பின்னேரங்களில் தன் கழகத்துச் சின்னப் பையன்களுக்கு வலைப்பயிற்சி கொடுக்கிறார். பயிற்சியில் 36 பந்துக்கு மேல் வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். ஒருநாள் கல்லடியில் பார்த்தேன். அவர் சேட் பையில் புளியங்கொட்டைகள், எண்ணி முப்பத்தாறு. பையன் ஒரு பந்து போட, இவர் ஒரு கொட்டையை எடுத்து மணலில் போடுகிறார். பை வெறுமையானதும் கையை நீட்டுகிறார். "இன்னும் ஒரு ஓவர் சேர்" என்று பையன் கெஞ்சுகிறான். அவர் கை நீட்டியபடியே நிற்கிறது, பந்து வந்து சேரும் வரை.