64 கோர் கேட்டால் 64 மடங்கு வேகம் வராது

மறுபடியும் அதே கதை. பலரும் பகிர்ந்துகொள்ளும் நம் கிளஸ்டரில் (ஒன்றாக இணைத்த கணினிகளின் தொகுப்பு) ஒரு நோடின், அதாவது ஒரு கணினியின், 64 கோர்களையும் (கணக்கிடும் அலகுகள்) ஏழு நாள் பிடித்து வைத்திருந்த ஒரு ஜாப் (ஓட்டக் கொடுத்த வேலை) முடிந்திருக்கிறது. ஜாப்களை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருளான ஸ்லர்மில், முடிந்த ஜாப் எவ்வளவு பயன்படுத்தியது என்று காட்டும் ‘செஃப்’ (seff) கட்டளையைப் போட்டுப் பார்த்தால் சிபியு பயன்பாடு 1.56 சதவீதம், அதாவது 64-ல் ஒன்றே ஒன்று. ஓடியது ஒற்றைத் திரெட் பைத்தான் நிரல், ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டுமே பயன்படுத்துவது. மீதி 63 கோர்களும் சும்மா கிடந்தன, வரிசையில் நின்றவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

“எதுக்கும் இருக்கட்டும்னு கூடக் கேட்டேன், வேகமா முடியுமே” என்கிறார்கள். முடியாது. கோர் கொடுத்தால் மட்டும் நிரல் தானாகப் பிரிந்து ஓடிவிடாது, அப்படி எழுதியிருந்தால்தான் ஓடும். சரி, பிரிந்து ஓடும் நிரல்தான் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கோரில் 100 மணி நேரம் எடுக்கும் வேலையில் பத்து சதவீதம் பிரிக்கவே முடியாத பகுதி என்றால், அம்டால் விதிப்படி (பிரிக்க முடியாத பகுதியின் நேரம் எத்தனை கோர் சேர்த்தாலும் குறையாது) 16 கோரில் அது ஏறக்குறைய 15.6 மணி நேரம், 64 கோரில் 11.4 மணி நேரம். செலவு? முதலாவதில் 250 கோர்-மணி (கோர் எண்ணிக்கையை மணி நேரத்தால் பெருக்கியது), இரண்டாவதில் சுமார் 730. நாலு மணி நேரம் மிச்சம் பிடிக்க மூன்று மடங்கு செலவு! அதுவும் முழு நோடு காலியாகும்வரை வரிசையில் காத்திருந்தால் அந்த நாலு மணி நேரமும் போச்சு. கணக்கில் ஏறுவது நீங்கள் பிடித்து வைத்த கோர்தான், பயன்படுத்திய கோர் அல்ல. அதிகம் எடுத்தவர்களை வரிசையில் பின்னுக்குத் தள்ளும் ஃபேர்ஷேர் முறை இருக்கும் இடத்தில் உங்கள் அடுத்த ஜாபின் முன்னுரிமையும் இதனால்தான் சரிகிறது, அப்புறம் “என் ஜாப் ஏன் பெண்டிங்கிலேயே இருக்கு” என்று கிளஸ்டரைப் பராமரிக்கும் எங்களுக்குத்தான் மெயில் வருகிறது.

மெமரியும் அப்படித்தான். ஒரே கோருக்கு நோடின் மொத்த மெமரியையும் கேட்டால் மிச்ச கோர்களை வேறு யாருக்கும் தர முடியாது.

தயவுசெய்து முதலில் சின்ன டேட்டாவை வைத்து 1, 4, 8, 16 கோர்களில் ஓட்டிப் பாருங்கள். வேகம் ஏறுவது எங்கே மந்தமாகிறதோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மெமரிக்கு, முந்தைய ஜாப் உச்சமாக எடுத்ததற்கு மேல் ஒரு இருபது சதவீதம் போதும். நேர வரம்பையும் ஏழு நாள் என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள், ஆறு மணி நேர ஜாப் என்றால் பேக்ஃபில்லில் (பெரிய ஜாப்கள் இடத்துக்குக் காத்திருக்கும்போது நடுவில் சின்ன ஜாப்களை ஓட்டும் முறை) இடைவெளி பார்த்து முன்னாடியே நுழைந்துவிடும். நீளமான ஜாபுக்கு செக்பாயிண்ட் எழுதுங்கள், அதாவது நின்றுபோனால் விட்ட இடத்திலிருந்து தொடர இடையிடையே நிலையைச் சேமியுங்கள். ஜிபியு (பெரிய கணக்குகளுக்கான கிராஃபிக்ஸ் சிப்) எடுத்து, உலாவியிலேயே நிரல் எழுதி ஓட்டும் ஜுபிட்டரைத் (Jupyter) திறந்தவர்கள், சாப்பிடப் போகும் முன் தயவுசெய்து அதை மூடிவிட்டுப் போங்கள்.