ஆஃப்-பேரோல்: சம்பளப் பட்டியலில் சேராப் பணி

தம் சொந்த நிறுவனத்தின் வழியாக வேலை செய்தாலும் உண்மையில் ஊழியரைப் போலவே இருப்பவரிடம், ஊழியருக்குரிய வரியைப் பிடிக்கும் விதி ஒன்று பிரித்தானிய வரிச் சட்டத்தில் உண்டு. அதில் வழங்கும் ‘ஆஃப்-பேரோல் வொர்க்கிங்’ என்னும் தொடரை ‘ஊதியமற்ற பணி’ என்றும், சற்றுக் கவனமாக எழுதுவோர் ‘ஊதியம் சாராப் பணி’ என்றும் தமிழில் எழுதி வருகிறார்கள். முன்னது பச்சைப் பிழை. ஊதியமே இல்லாத பணிக்கு எதைப் பிடித்து வரி விதிப்பது என்று ஒரு கணம் எண்ணியிருந்தால் அதை எழுதியிருக்க மாட்டார்கள். பின்னது பார்வைக்கு ஒழுங்காகத் தோன்றுவதால் எளிதில் பரவுகிறது. ஆகவே அதைத்தான் விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

சொற்பிறப்பைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ‘பே’ என்பது தணித்தல், அமைதிப்படுத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் வழிவந்தது. கடன் கொடுத்தவரைத் தணிப்பதே பின்னர்ப் பணம் கொடுப்பதாயிற்று. ‘ரோல்’ என்பது சிறு சக்கரத்தைக் குறித்த சொல். அது சுருட்டி வைத்த ஏட்டுக்கும், பிறகு அந்த ஏட்டில் எழுதிய பெயர்வரிசைக்கும் ஆகிவந்தது. எனவே ‘பேரோல்’ என்றால் சம்பளப் பட்டியல். அதற்கு முன் நிற்கும் ‘ஆஃப்’ பட்டியலைத்தான் விலக்குகிறதே தவிர, சம்பளத்தை விலக்கவில்லை.

விதியின் நடைமுறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பொதுத்துறை மருத்துவமனை அறக்கட்டளை ஒன்றுக்கு மென்பொருள் எழுதித் தரும் பொறியாளர் ஒருவர், தம் பெயரில் சிறு நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்துகொண்டு, அதன் வழியாகவே விலைப்பட்டியல் அனுப்புகிறார். அவர் மருத்துவமனையின் சம்பளப் பட்டியலில் இல்லை. ஆனால் ஊழியரைப் போலவே நாள்தோறும் வந்து, மேலாளர் சொல்வதைச் செய்து போகிறார். இப்படிப்பட்டவர் உண்மையில் ஊழியரா என்று தீர்மானிக்கும் பொறுப்பு, 2000 ஏப்ரலில் விதி நடைமுறைக்கு வந்தது முதல் அவருடைய நிறுவனத்திடமே இருந்தது. 2017 ஏப்ரலில் பொதுத்துறைப் பணிகளுக்கு மட்டும் அந்தப் பொறுப்பு, வேலை வாங்கும் அமைப்பிடம் மாற்றப்பட்டது. ஊழியருக்கு ஒப்பானவர் என்று அந்த அமைப்பு முடிவு செய்தால், அவருடைய நிறுவனத்துக்குப் பணம் செலுத்துபவர், அது இடையில் நிற்கும் முகமையாயினும் சரி, வருமான வரியையும் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பையும் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுக்க வேண்டும். அதுவரை நிறுவனச் செலவுக்கென்று கழித்துக்கொள்ள இடமளித்த 5 விழுக்காட்டுச் சலுகையும் இத்தகைய பணிகளுக்கு நீங்கியது. 2021 ஏப்ரல் 6 முதல் நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களுக்கும் இதே ஏற்பாடு வந்துவிட்டது.

ஆக, இந்த விதி முழுவதும் ஊதியத்தைச் சார்ந்தே நிற்கிறது. அதைப் போய் ‘ஊதியம் சாரா’ என்பது எப்படிப் பொருந்தும்? ‘சாரா’ என்னும் எதிர்மறைக்கு ஒன்றை அண்டாத, ஒன்றோடு உறவு கொள்ளாத என்று பொருள். ‘அணிசாரா நாடுகள்’ நல்ல ஆக்கம். அந்நாடுகள் எந்த அணியையும் சாராமல் நிற்பதாகவே தம்மை அறிவித்துக்கொண்டன. ‘அரசு சாரா நிறுவனம்’ என்பதையும் ஏற்கலாம். ஆனால் இவற்றின் செல்வாக்கினால், ஆங்கிலத்தில் எந்த விலக்குச் சொல்லைக் கண்டாலும் ‘சாரா’ என்று ஒட்டிவிடுவது பழக்கமாகிவிட்டது. தொடரில் எந்தச் சொல் விலக்கப்படுகிறது என்று ஆராயாமல் பெயர்ப்பதன் விளைவு இது. ‘ஊதியம்’ என்ற சொல்லுக்கும் இதில் இழுக்கு நேர்கிறது. ‘ஊதியம் இல்லை உயிர்க்கு’ என்று வள்ளுவர் சொல்லும்போது அது ஆதாயத்தையே குறிக்கிறது. அந்தப் பழம்பொருளை அறிந்தவருக்கு ‘ஊதியம் சாராப் பணி’ என்பது ஆதாயம் கருதாத தொண்டாகவே ஒலிக்கும். நாள்கூலியைப் பேரம் பேசி வாங்கும் பொறியாளரைத் தொண்டராக்குவது மொழிபெயர்ப்பாகாது.

‘சம்பளப் பட்டியலில் சேராப் பணி’ என்பதே என் பரிந்துரை. நீளமாக இருக்கிறது என்பார்கள். பட்டியல்புறப் பணி என்று சுருக்கலாமே என்றால், ‘பட்டியல்’ என்பது தனித்து நின்றால் தமிழ் வாசகர் மனம் பட்டியல் இனத்தவரிடம் சென்றுவிடும். ‘புறப்பணி’ என்று மட்டும் வைத்தால், வேலையை வெளியாருக்குப் பிரித்துக் கொடுப்பதோடு குழம்பும். சட்டத்தின் பொருளைச் சிதைக்கும் சுருக்கத்தை விடத் தெளிந்த நீளம் மேலானது. தூய தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் சம்பளத்தை நீக்கி ‘ஊதியப் பட்டியலில் சேராப் பணி’ என்று எழுதட்டும், எனக்குத் தடையில்லை. பட்டியல் என்ற சொல் மட்டும் விடுபடக் கூடாது.

அந்தப் பொறியாளரை ‘ஒப்பந்தத் தொழிலாளர்’ என்பதும் தவறு. தமிழில் அச்சொல், ஒப்பந்தக்காரர் ஒருவர் அழைத்து வரும் கூலியாளைக் குறிக்கும். ‘ஒப்பந்தப் பணியாளர்’ என்றால், அவர் பணியாளர்தானா என்று விதி எழுப்பும் கேள்விக்கு நாமே முன்கூட்டி விடை சொன்னதாகிவிடும். ஒப்பந்ததாரர் என்பதே போதும். இந்த விதிக்கு வழங்கும் ‘ஐஆர் 35’ என்ற வழக்குப் பெயரைச் சிலர் ‘35ஆம் பிரிவு’ என்று எழுதுகிறார்கள். சட்டத்தில் அப்படியொரு பிரிவைத் தேடினால் இந்த விதி கிடைக்காது. 1999 மார்ச் 9 அன்று, அப்போதைய உள்நாட்டு வருவாய்த் துறை வெளியிட்ட பத்திரிகை அறிவிப்பின் எண் அது. ஆகவே பெயராகவே விட்டுவிட வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் மிக எளிதாகக் கைவிடும் சொல் ஒன்று உண்டு: ‘கருதப்படும்’. விதி அவரை வரிக்காக மட்டுமே ஊழியராகக் கருதுகிறது. அந்த முடிவால் அவருக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்போ நோய்க்காலப் பணமோ வந்துவிடாது. ‘ஊழியராகக் கருதப்படுவார்’ என்பதை ‘ஊழியர் ஆவார்’ என்று சுருக்கி எழுதினால், படிப்பவர் தமக்கு இல்லாத உரிமையைக் கேட்டு மருத்துவமனை அலுவலகத்துக்குப் போய் நிற்பார்.