முத்திரை இல்லாத சிவப்புக் குடுவை

ஒரு கண்ணாடிக் குடுவை, அதற்கு ஒரு மூடி, கூடவே ஆறு சின்ன கிளாஸ்கள். எல்லாம் மாதுளைச் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு நடுவே, நிறமில்லாத கண்ணாடியில் ஒரு மானும் இரண்டு மரங்களும் கொஞ்சம் திராட்சைக் கொடியும். பழம்பொருள் கடையில் வாங்கி வந்த தோழி, "இது எந்த ஊர்ச் சரக்கு?" என்று கேட்டார். கவிழ்த்துப் பார்த்தேன். பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை.

பழைய கண்ணாடியில் இது சகஜம். மான், காடு, கோட்டை என்று வரையும் இந்தச் சிவப்பு செட்கள் பெரும்பாலும் பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில் பிறந்தவை. அங்கே குடுவையை ஊதுவது ஒரு பட்டறை, நிறம் ஏற்றுவது இன்னொன்று, படம் செதுக்குவது தன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு கைவினைஞர். யார் பெயரைப் போடுவது? பிற்காலத்தில் பல தொழிற்சாலைகள் காகித லேபிள் ஒட்டின. முதல் கழுவலிலேயே அது போய்விடும். ஆனால் கண்ணாடியின் உடம்பில் எழுதியிருப்பது கழுவினாலும் போகாது. அதைத்தான் படிக்க வேண்டும்.

முதலில் சிவப்பு. கண்ணாடியைச் சிவப்பாக்க மூன்று பழைய வழிகள் உண்டு. உருகிய கண்ணாடிக் குழம்பிலேயே துளி தங்கத்தையோ செம்பையோ கலந்தால் உடம்பு முழுக்கச் சிவக்கும். நிறமில்லாத கண்ணாடியின் மேல் சிவப்புக் கண்ணாடியை இன்னொரு அடுக்காகப் போர்த்தலாம். மூன்றாவது வழி, சாயம் ஏற்றுவது. ஃபிரீட்ரிச் எகர்மான் என்பவர் 1830களில் வடக்கு பொஹீமியாவில், இன்று நோவி போர் எனப்படும் ஊரில் இதைப் பக்குவப்படுத்தினார். செம்புச் சேர்மத்தைக் களிம்பாகக் குழைத்து, முடிந்த பாத்திரத்தின் மேல் பூசிச் சூளையில் சுடுவார்கள். அந்தச் சூட்டில் செம்பு அயனிகள் கண்ணாடியின் மேற்பரப்புக்குள் நுழைந்து, அங்கிருக்கும் சோடியம், பொட்டாசியம் அயனிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் குறைந்த புகைச்சூட்டில் அவை மிக நுண்ணிய செம்புத் துகள்களாக மாறும். அந்தத் துகள்கள்தான் நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு. விலை உயர்ந்த தங்கமும் வேண்டாம், இன்னொரு அடுக்கும் வேண்டாம். எனக்கு இதில் தீராத வியப்பு: பெயின்ட் போல மேலே உட்காராமல் நிறம் கண்ணாடிக்குள்ளேயே குடியேறிவிடுகிறது.

மூன்றையும் பிரித்தறிய ஒரு லென்ஸ் போதும். உடம்பு முழுக்கச் சிவந்த கண்ணாடியைச் செதுக்கினாலும் உள்ளே சிவப்புத்தான். மற்ற இரண்டிலும் சிவப்பைச் செதுக்கி எடுத்தால் அடியிலுள்ள தெளிவு தெரியும்; மானின் கால் ஓரத்தில், சிவப்பும் தெளிவும் சந்திக்கும் இடத்தைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். போர்த்திய கண்ணாடியாக இருந்தால் சிவப்பு ஒரு படிக்கட்டு போலத் தடிப்பாகத் தெரியும். சாயம் என்றால் தடிப்பே தெரியாது. மெல்லிய நிறம் சட்டென்று முடிந்துவிடும். தோழியின் செட்டில் தடிப்பு இல்லை.

அடுத்தது எடை. கையில் கனமாக இருந்தாலே 'கிறிஸ்டல்' என்று விற்பார்கள். உண்மையான ஈயக் கிறிஸ்டலில் காரீய ஆக்சைடு இருக்கும். (ரசம் வைக்கும் ஈயச் செம்பு வேறு, அது வெள்ளீயம்.) ஐரோப்பிய விதிப்படி ஈயக் கிறிஸ்டலில் காரீய ஆக்சைடு குறைந்தது 24 சதவீதம், அடர்த்தி கன சென்டிமீட்டருக்குக் குறைந்தது 2.90 கிராம். சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 2.5. இதை வீட்டிலேயே அளந்துவிடலாம். சமையலறை டிஜிட்டல் தராசில் கிளாஸை நிறுத்தோம்: 118 கிராம். அப்புறம் தராசின் மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, கிளாஸை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க முங்கும்படி தொங்கவிட்டோம். உள்ளே காற்றுக்குமிழி சிக்கக்கூடாது. சிக்கினால் கணக்கு கெட்டுவிடும். தராசு 47 காட்டியது. கண்ணாடி ஒதுக்கிய தண்ணீரின் எடை அது, அதாவது கண்ணாடியின் கனஅளவு 47 கன சென்டிமீட்டர். 118ஐ 47ஆல் வகுத்தால் 2.51. ஈயக் கிறிஸ்டல் இல்லை.

இதுவும் பொஹீமியாவோடு ஒத்துப்போகிறது. காட்டு மரங்களை எரித்த சாம்பலில் இருந்து வந்த பொட்டாஷ்தான் அந்த ஊர்க் கண்ணாடியின் பழைய சேர்மானம். கெட்டியான, பளிச்சென்ற கண்ணாடி. சுழலும் சின்னச் செம்புச் சக்கரத்தில் எண்ணெயும் கடினமான எமரிக் கல்தூளும் தடவிப் படம் செதுக்க அது தோதானது.

குடுவையின் கழுத்தில் '7' என்று கீறியிருந்தது. மூடியின் அடியிலும் அதே 7. தோழிக்கு ஒரே சந்தோஷம், முத்திரை கிடைத்துவிட்டது என்று. அது முத்திரை இல்லை. மூடி கச்சிதமாக உட்கார ஒவ்வொரு குடுவைக்கும் தனித்தனியாகத் தேய்த்துப் பொருத்துவார்கள். ஜோடி மாறிப் போகாமலிருக்க எண் போடுவார்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால், மூடி அந்தக் குடுவையோடு பிறந்தது.

காலத்தைச் சொல்வதுதான் கடினம். எகர்மான் பாணிச் சிவப்பு இன்றும் அதே ஊரில் செய்யப்படுகிறது, ஆகவே மானை வைத்து வயது சொல்ல முடியாது. அடிப்பாகத்தைத்தான் பார்க்க வேண்டும். பல்லாண்டு மேசையில் வைத்து எடுத்த அடியில், தரையைத் தொடும் வளையத்தில் மட்டும், கண்டபடி திசைமாறிய மெல்லிய கீறல்கள் இருக்கும். உப்புத்தாள் போட்டுப் பழசாக்கினால் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தோம். தெளிவான பகுதிகள் மங்கலான பச்சையாக மினுங்கின. கண்ணாடியின் பச்சைச் சாயலைப் போக்க அந்தக் காலத்தில் சேர்த்த மாங்கனீசு அப்படி மினுங்கும். இது பழசுக்குச் சாதகமான ஒரு சாட்சி; தனியாக நின்று தீர்ப்பு சொல்லாது.

டார்ச் வெளிச்சத்தில் ஒரு கிளாஸ் மட்டும் மினுங்கவில்லை. அதை லென்ஸுக்குக் கீழே வைத்தோம். மற்ற ஐந்திலும் திராட்சை இலைகள் எண்ணிக்கையில் கூட ஒத்துப்போகவில்லை. கை செதுக்கியது அப்படித்தான் இருக்கும். இதில் மானின் விளிம்புகள் மழுங்கியிருந்தன. கிளாஸின் காலின் இரு பக்கமும் மேலிருந்து கீழாக அச்சு சேர்ந்த கோடு ஓடியது. சிவப்பு, வாய் ஓரத்தில் பெயின்ட் போல உரிந்திருந்தது. அச்சில் அழுத்தி வார்த்த கிளாஸ் இது.

எந்த வீட்டிலோ ஒரு கிளாஸ் உடைந்திருக்கிறது. யாரோ ஒருவர், செட் குறையக்கூடாது என்று, அதே மாதிரி ஒன்றைத் தேடி வாங்கி வைத்திருக்கிறார்.