மூன்று ஊசி போட்டும் எதிர்ப்புச் சக்தி வரவில்லையா?

செவிலியர் படிப்பில் சேரும் பிள்ளைகளுக்கு ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய்க்குத் தடுப்பூசி போடுவதும், மூன்றாவது ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பு அளவு பார்ப்பதும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் அன்றாட வேலை. லிட்டருக்கு 10 யூனிட் இருந்தால் போதும், பாதுகாப்பு உண்டு. நல்ல ஆரோக்கியமான பெரியவர்களிலேயே நூற்றுக்கு 5 முதல் 10 பேர் அந்த அளவைத் தொடுவதில்லை.

இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து அக்காள் தங்கை இருவர் வந்தார்கள். ஒரே நாளில், ஒரே மருந்து. தங்கைக்கு 1000-க்கு மேல். அக்காளுக்கு 10-கூட இல்லை. கூட வந்த ஆயாவுக்கு, அவர்கள் பாட்டிக்கு, மனசே ஆறவில்லை. "ரெண்டு பேரும் ஒரே சோறுதானே தின்னுறாங்க டாக்டரம்மா, இவளுக்கு மட்டும் ரத்தத்துல சத்து இல்லையா?"

சத்துக் குறைவு இல்லை, ஆயா. ஊசியில் போகும் புரதத்தை நம் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான பி செல்கள் விழுங்கி, துண்டு துண்டாக்கி, எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறில் ஏந்தி வெளியே காட்டுகின்றன. அதைப் பார்த்து இன்னொரு வகை வெள்ளை அணுவான உதவி டி செல் சம்மதம் சொன்னால்தான் கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி பெருமளவில் உருவாகும். துண்டைச் சரியாக ஏந்தாத எச்.எல்.ஏ. வாய்த்திருந்தால் சம்மதம் கிடைப்பது கடினம். டி.ஆர்.3, டி.ஆர்.7 என்ற எச்.எல்.ஏ. வகை உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இந்த ஜீன்கள் 6-ஆம் குரோமோசோமில் கொத்தாக இருக்கின்றன. அப்பாவிடமிருந்து ஒரு கொத்து, அம்மாவிடமிருந்து ஒரு கொத்து. உடன்பிறந்த இருவருக்கு இரண்டு கொத்துமே வேறாக அமைய நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.

எச்.எல்.ஏ. மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். காம்பியாவில் இரட்டைக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், இந்தத் தடுப்பூசிக்கு வரும் எதிர்ப்பின் ஏற்ற இறக்கத்தில் முக்கால் பங்குக்குப் பரம்பரையே காரணம் என்று தெரிந்தது. அதில் வேறு ஜீன்களுக்கும் பங்கு உண்டு. ஆன்டிபாடியைக் கட்டும் ஜீன்களே ஆளுக்கு ஆள் மாறும்.

"நம்ம இந்திய ரத்தத்துக்கு இந்த ஊசி ஒத்துக்காது" என்று இங்கே சிலர் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இனம் பார்த்து மனிதரைப் பிரித்த சட்டத்தால் உருவான ஊர் சாட்ஸ்வொர்த். மனிதரின் மரபணு வேற்றுமையில் சுமார் 85 சதவீதம் ஒரே சமூகத்துக்குள் இருக்கும் ஆட்களுக்கு இடையில்தான். இந்த அக்காள் தங்கையைப் பார்த்தாலே போதாதா?

சரி, அளவு வரவில்லை என்றால்? ஊசி மேல்கையில் போட்டார்களா, இடுப்பிலா என்று முதலில் கேட்பேன். இடுப்பில் போட்டால் பலன் குறையும். சிகரெட், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, எச்.ஐ.வி. எல்லாம் பார்க்க வேண்டும். ஏற்கனவே அந்தக் கிருமி உடம்பில் இருக்கிறதா என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். எச்.எல்.ஏ. பரிசோதனை தேவையில்லை, அதனால் சிகிச்சை மாறாது. அப்புறம் இன்னொரு சுற்று, மறுபடி மூன்று ஊசி. இதில் பலருக்கு எதிர்ப்பு வந்துவிடும். அந்த அக்காளுக்கும் வந்தது.

அப்படியும் வராதவர்கள் செவிலியர் வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் கழுவிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது தயாராக உள்ள ஆன்டிபாடி ஊசி, போட வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவுச் சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நடு இரவில் பணியில் இருக்கும் டாக்டருக்கு உங்கள் பழைய கோப்பு கிடைக்காது.