பந்தைப் படிக்கக் கற்றுத்தரும் ஹெட்செட்

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய பந்து பேட்ஸ்மேனிடம் வந்து சேர அரை நொடிதான் ஆகும். கண் பார்த்ததற்கு ஏற்ப மட்டையின் போக்கை மாற்றவோ 0.2 நொடி வேண்டும். 1987இல் உளவியலாளர் பீட்டர் மெக்லியாட் ஆடுகளத்தில் விரித்த பாய்க்கு அடியில் மரக்குச்சிகளைப் பதித்து, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாதபடி செய்து பார்த்தார். கடைசி 0.2 நொடிக்குள் திரும்பிய பந்துக்குச் சர்வதேச ஆட்டக்காரர்களாலும் மட்டையை நகர்த்த முடியவில்லை.

அப்படியென்றால் அவர்கள் எப்படி அடிக்கிறார்கள்? பார்வை ஆய்வாளர் மைக்கேல் லேண்டும் மெக்லியாடும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பேட்ஸ்மேன்களின் தலையில் கேமரா மாட்டிக் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். பவுலிங் மெஷினிலிருந்து பந்து வெளிவருவதைப் பார்த்ததும், அது குத்தப்போகும் இடத்துக்குக் கண் முன்னதாகவே தாவிக் காத்திருந்தது. திறமையானவரின் கண் இன்னும் சீக்கிரமே தாவியது. பேட்டிங்கில் பாதி வேலை இந்தக் கணிப்புதான்.

கண்ணை மறைத்து மாட்டிக்கொண்டால் முப்பரிமாணச் செயற்கைக் காட்சியைக் காட்டும் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட் பயன்படுவது இங்கேதான். பவுலிங் மெஷின் ஓடி வருவது கிடையாது, அதற்குத் தோளும் மணிக்கட்டும் கிடையாது. பந்து வெளிவரும் முன்பே கணிக்க உதவும் இந்தத் தடயங்கள் எதுவும் இல்லாமல் பந்து மட்டும் வரும். ஹெட்செட்டுக்குள் பவுலர் முழு உருவத்தோடு ஓடி வருகிறார். பந்து கையை விட்டதுமே காட்சியை அணைத்துவிட்டு, 'எங்கே குத்தும்?' என்று கேட்கலாம். பதில் சொன்ன பிறகு மீதியைக் காட்டலாம். நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் மூளை தன் கணிப்பைத் திருத்திக்கொள்கிறது. நிஜ வேகப்பந்து வீச்சாளரை இப்படி நூறு பந்து போடச் சொன்னால் அவர் தோள் தாங்காது.

ஆனால் ஹெட்செட்டை மாட்டிவிட்டால் மட்டும் போதாது. அமெரிக்காவில் ஆய்வாளர் ராப் கிரே 2017இல் வெளியிட்ட பேஸ்பால் ஆய்வில், 80 பள்ளி வீரர்கள் நான்கு குழுக்களாகப் பிரிந்து ஆறு வாரம் பயிற்சி எடுத்தார்கள். அதிகம் முன்னேறியது, வீரரின் ஆட்டத்துக்கு ஏற்ப விஆரில் கடினத்தைக் கூட்டிக் குறைத்த குழுதான். விஆரில் வெறுமனே கூடுதல் பந்துகளை ஆடியவர்களுக்கு அவ்வளவு பலன் கிடைக்கவில்லை. ஒரு அகாடமி கருவிக்குச் செலவிடும் முன், அதற்குள் ஓடும் பயிற்சித் திட்டம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும் என்பேன்.

குறைகளும் உண்டு. நொடிக்கு 90 சட்டகம் (தனித்தனிப் படம்) காட்டும் திரையில், கையை விட்ட வேகப்பந்து ஒரு சட்டகத்திலிருந்து அடுத்ததற்கு 40 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். இடையில் நடப்பது திரையில் இல்லை. பொருள் கிட்டே வர வர இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும். ஆனால் ஹெட்செட் லென்ஸின் குவியத் தூரம் அப்படியே இருப்பதால் சிலருக்குக் கண் வலிக்கும், தூரக் கணக்கும் பிசகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பந்து மட்டையில் பட்ட அதிர்வு உள்ளங்கைக்கு வராது. நடுவில் பட்டதா விளிம்பில் பட்டதா என்பதைக் கைதான் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை எந்தத் திரையும் நடத்த முடியாது.

அதனால் ஷாட்டை ஹெட்செட்டில் பழக்கக் கூடாது; பந்தைப் படிப்பதை மட்டும் பழக்க வேண்டும். இடதுகை வேகப்பந்து வீச்சை எதிர்கொள்ளப் போகிற பையன் அந்தக் கையையும் கோணத்தையும் விஆரில் பார்த்துப் பழகட்டும். அப்புறம் ஹெட்செட்டைக் கழற்றிய கையோடு நெட்டுக்குப் போய், ஒரு நிஜ இடதுகைக்காரரை ஆடட்டும்.